86 செ.மீ. மீனும் 60 செ.மீ. விதியும்
தூண்டிலில் பிடிக்கும் பெரிய மீனுக்குப் பட்டம் கொடுத்தால் பெரிய மீனைத்தான் கொல்வார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கனடாவின் மானிட்டோபா மாகாணத்துக் கெளுத்தி மீன் விஷயத்தில் அது எடுபடாது. இங்கே பெரிய மீன் பிடித்தவர்களுக்குப் பட்டம் தரும் ‘மாஸ்டர் ஆங்ளர்’ பட்டியலில் சேர, சானல் கெளுத்தி 34 அங்குலம், சுமார் 86 செ.மீ. இருக்க வேண்டும். ஆனால் 60 செ.மீ.க்கு மேற்பட்ட கெளுத்தியை வீட்டுக்கே கொண்டுபோகக் கூடாது. அப்புறம் எங்கே கொல்வது? போன கோடையில் லாக்போர்ட்டில், ரெட் ஆற்றங்கரையில் எனக்கொன்று மாட்டியது. ஈரத்துண்டில் கிடத்தி, மகன் டேப் பிடிக்க, ஒரே ஒரு படம். உடனே தண்ணீரில் விட்டேன். வாலடியில் சட்டையெல்லாம் சேறு. தூண்டில் முள்ளை எடுக்கையில் மீனின் வாய் கிழியாதா என்று கேட்கலாம்: முனையில் பின்பக்கமாக நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிய தூண்டில்தான் இங்கே சட்டம், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். என் மீன் 82 செ.மீ.தான், பட்டம் போச்சு.