பாவத்தை டிக்டேஷன் போடாதீர்கள்

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறான் என் தம்பி. அவன் மகளுக்கு இந்த மே மாதம் புதுநன்மை, அதாவது முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்கப் போகிறாள். வெள்ளை கவுனுக்கு அளவெடுக்கலாம் என்று சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். அளவெடுக்கும்போது நோட்டை நீட்டினாள். அதற்கு முன்னால் ஃபாதரிடம் சொல்ல வேண்டிய பட்டியல், 'என் பாவங்கள்' என்று தலைப்பு. பொய் சொன்னேன், திருடினேன், கீழ்ப்படியவில்லை, கோயிலில் பேசினேன்.

"அத்தை, நான் திருடவே இல்லை. ஆனா மிஸ் எழுதிப் போட்டாங்க, எல்லாரும் எழுதணும்னு. ஃபாதர்கிட்ட திருடினேன்னு சொன்னா அது பொய்தானே? பொய்யும் லிஸ்ட்ல இருக்கு. அப்போ சரியாப் போயிடுமா?"

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. சேலத்தில் ஆறு வருடமாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். இதே பட்டியலை நானும்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். நேரம் மிச்சம், பிள்ளைகளும் திக்காமல் சொல்வார்கள்.

மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை. பாட்டி சொல்லிக் கொடுத்த பரலோக மந்திரமும் அருள் நிறைந்த மந்திரமும் அர்த்தம் புரியாத வயதில் ஏறியதுதான், இன்றும் நாக்கில் நிற்கிறது. செபத்தை மனப்பாடம் செய்யட்டும். பாவத்தை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்? நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு, ஐந்து காரியம் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் (மறைக்கல்வியில்) படித்தோமே, அதில் முதலாவது ஆத்தும சோதனை, செய்த தப்பை நாமே யோசித்துப் பார்ப்பது. பட்டியலைக் கையில் கொடுத்தால் அந்த வேலையே பிள்ளைக்கு இல்லாமல் போகிறது.

1910-க்கு முன்னால் பல ஊர்களில் 10, 12 வயது வரை, சில இடங்களில் 14 வரைகூட, பிள்ளைகளை நற்கருணைக்குக் காக்க வைத்தார்கள். அந்த வருடம்தான் திருத்தந்தை பத்தாம் பயஸ், விவரம் தெரிகிற ஏழு வயதை ஒட்டிக் கொடுக்கலாம், சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்றார். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். தெரியும். என் மருமகளுக்குத் தெரிந்தது.

"சரி, பட்டியலை விடு. எதையாவது நினைச்சா வயித்துல ஒரு மாதிரி இருக்கா?" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. கவுன் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள் (அவளைக் கேட்டுவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்): பள்ளிக்கூட பஸ்ஸில், காப்பிப் பழம் பறிக்கிறவர்களின் மகள் ஒருத்தி பக்கத்தில் உட்கார வந்திருக்கிறாள். இவள் பையை நடுவில் வைத்து, இடம் இல்லை என்று சொல்லிவிட்டாளாம். அந்தப் பிள்ளை ஊர் வந்து சேரும்வரை நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

எந்த ஞானோபதேச நோட்டிலும் நான் எழுதிப் போடாத பாவம் இது.

"ஏன்டா அப்படிச் செஞ்சே?" என்றால், "அவங்களோட சேராதேன்னு அம்மாதான் சொன்னாங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

திருச்சபைச் சட்டம் 914, பிள்ளைகளைத் தயாரிக்கிற கடமையைப் பெற்றோருக்குத்தான் முதலில் கொடுக்கிறது, அதற்கு அடுத்துதான் பங்குக் குரு. நாமோ பெற்றோர் கூட்டத்தில் கவுன், கிரீடம், மெழுகுவர்த்தி, போட்டோக்காரர் எல்லாம் பேசி முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம். வகுப்பு இருக்கட்டும், வீட்டில்தான் தினமும் தயாரிப்பு நடக்கிறது, எதற்கு என்பதுதான் கேள்வி. என் தம்பி மனைவி கெட்டவள் இல்லை, வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டாள். நாங்கள் வளர்ந்த வீட்டிலும் இதே பேச்சு உண்டு.

இன்னொரு விஷயம். "ஃபாதர் அம்மாகிட்ட சொல்லிடுவாரா?" என்று பயந்தாள். எந்தக் குருவும் யாரிடமும் சொல்லவே கூடாது, சொன்னால் திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார் என்றதும் முகம் தெளிந்தது. இதை வகுப்பில் முதல் நாளே சொல்ல வேண்டும். பயந்த பிள்ளை பட்டியலைத்தான் ஒப்பிக்கும்.

தம்பி மனைவி அன்றைக்கு என்னோடு சரியாகப் பேசவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொள்ளப் போவதாக மருமகள் மட்டும் காதில் சொன்னாள்.

வரும் ஞாயிறு என் வகுப்பில் அந்தப் பக்கத்தைக் காலியாக விடச் சொல்லப் போகிறேன்.