அந்தப் பொம்பளை எங்கே?

போன வாரம் காரைக்குடி வீட்டில், சட்டம் படிக்கிற அண்ணன் மகளோடு உட்கார்ந்து '12 ஆங்ரி மென்' பார்த்தேன். 1957இல் சிட்னி லூமெட் இயக்கியது. எனக்கு உயிரான படம். புழுக்கமான ஓர் அறை, 12 ஜூரர்கள், அதாவது ஒரு கொலை வழக்கில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல உட்காரவைத்த சாதாரணக் குடிமக்கள். அதில் 11 பேர் ஒரு பையனைச் சாவுக்கு அனுப்பத் தயாராக இருக்க, ஹென்றி ஃபோண்டா மட்டும் கை தூக்க மறுப்பார். குடிசைப் பக்கம் வளர்ந்தவனெல்லாம் இப்படித்தான் என்று ஒருவர் கத்தக் கத்த, மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முதுகைக் காட்டுவார்கள். சாதிப் பேச்சு ஓடுகிற நம் திண்ணைகளில் போட்டுக் காட்டவேண்டிய காட்சி அது.

படம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "அத்தை, அந்தப் பொம்பளை எங்கே?"

எதிர்வீட்டுப் பெண்ணைச் சொல்கிறாள். தூக்கம் வராமல் படுக்கையில் கிடந்தபோது, ஓடும் ரயிலின் ஜன்னல்கள் வழியாகக் கொலையைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னவள். அவள் மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம் இருந்ததை வயதான ஜூரர் ஒருவர் நினைவுபடுத்துவார். படுக்கையில் யார் கண்ணாடியோடு படுப்பார்கள்? சாட்சியம் உடைகிறது, பையன் தப்புகிறான். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் வயதை மறைக்கத்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிங்காரித்து வந்தாள் என்பதையும் அந்த ஆண்களே முடிவு செய்துவிடுகிறார்கள். அது படிக்கிற கண்ணாடியாக இருந்திருந்தால்? அவளிடம் கேட்க வழியில்லை. படத்தில் அவள் முகம்கூட நமக்குக் காட்டப்படவில்லை.

எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. 1985இல் எங்கள் வீட்டில் பாகம் பிரித்தபோது முகப்பு நிறையப் பங்காளிகள். பெண்கள் உள்ளே, வளவு என்கிற முற்றத்துப் பக்கம். பெரிய தவலைகள் எந்தப் பங்குக்குச் சேரும் என்று வழக்கு. அவை தன் ஆத்தா தனக்குச் சீராகக் கொடுத்தவை என்று அப்பத்தா தூணோரம் நின்று சொல்லி அனுப்பினார். "ஆச்சிக்குக் கண்ணுல புரை, அவுகளுக்கு என்ன தெரியும்" என்று முகப்பிலிருந்து பதில் வந்தது. நம் பாத்திரங்களில்தான் பெயர் வெட்டியிருக்குமே! அப்பத்தா இருட்டிலும் விரலால் தடவி எது யாருடையது என்று சொல்லிவிடுவார். அதைச் சொல்ல அவரை யாரும் முகப்புக்குக் கூப்பிடவில்லை. தவலைகள் போயே போய்விட்டன. குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது அதற்கு 4 வருடம் கழித்து, 1989இல்.

இதை எழுதினால், 'அந்தக் காலத்துப் படம், அப்படித்தான் இருக்கும்' என்று யாராவது சொல்வீர்கள். கதை நடப்பது நியூயார்க்கில். அங்கே பெண்கள் ஜூரியில் உட்காரலாம் என்று 1937லேயே சட்டம் வந்துவிட்டது. வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம் என்றும் வைத்திருந்தார்கள், அதனால் ஆண்களே நிறைந்த ஜூரி நடக்காத விஷயம் இல்லை. ஆனாலும் அது காலத்தின் கட்டாயம் இல்லை, எழுதியவரின் தேர்வு. ஏழைக்கு எதிரான வெறுப்பை அவ்வளவு நுட்பமாகப் பிடித்த அதே பேனா, நாற்காலிகளை நிரப்பும்போது ஒரு பெண்ணை நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

வேறொருத்தர் எடுத்தால் மாறும் என்று பார்த்தால், 1986இல் பாசு சாட்டர்ஜி இந்தியில் எடுத்த 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா'விலும் 12 பேரும் ஆண்கள். 1997இல் வில்லியம் ஃப்ரீட்கின் தொலைக்காட்சிக்காக எடுத்தபோது கறுப்பின நடிகர்கள் நான்கு பேர் ஜூரியில் உட்கார்ந்தார்கள். அது பெரிய மாற்றம், மேசையைச் சுற்றி நடக்கும் பேச்சின் சூடே வேறாகிவிட்டது. பெண்ணுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள், நீதிபதியாக. அவர் தொடக்கத்தில் ஜூரர்களுக்கு அறிவுரை சொல்லி அனுப்பிவைக்கிறார். அவர்கள் உள்ளே போகிறார்கள், கதவு பூட்டப்படுகிறது. உள்ளே மறுபடியும் 12 ஆண்கள், அந்த எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேச.