பத்தாவது எழுத்து ஆண்டைச் சொல்லுமா?

மொரீசியஸில் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி: "வண்டியின் அடையாளமான சேஸிஸ் எண்ணின் பத்தாவது எழுத்துதான் மாடல் ஆண்டு. 2014 என்றால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்யூவியை வாங்கலாம்." இரண்டுமே தவறு.

அந்தப் பத்தாவது எழுத்துக் கணக்கு 17 இடங்கள் கொண்ட எண்ணுக்கு, அதுவும் வட அமெரிக்க விதிப்படி. ஜப்பானிலிருந்து இறங்கும் ரீகண்டிஷன் (பழைய) வண்டிகளில் 'ஆர்யு3-' போலத் தொடங்கி, ஏழு இலக்கத்தில் முடியும் குட்டி எண்தான் இருக்கும். அதில் ஆண்டே இல்லை. எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் காட்டுவது முதல் பதிவு மாதத்தை. வண்டி அதற்கு முன்பே தயாராகியிருக்கலாம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து, அடியில் தைத்த துணிச்சீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் பெல்ட் தயாரித்த தேதி இருக்கும். (டயர் தேதியை நம்ப வேண்டாம், டயர் மாறும்.)

ஆண்டு தெரிந்தாலும் போதாது. 2013 டிசம்பரில் வந்த ஹோண்டா வெசல் எஸ்யூவியில், ஆர்யு3, ஆர்யு4 ஹைப்ரிட்களின் 7 கியர் இரட்டை கிளட்ச் பெட்டிக்காக 2014-இல் ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனம் திரும்ப அழைப்பது) வந்தது. ஆர்யு1 பெட்ரோலில் சிவிடி, அதாவது கியர் படிகள் இல்லாத தானியங்கிப் பெட்டி. அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஹோண்டாவின் ஜப்பானியத் தளத்தில் சேஸிஸ் எண்ணை இட்டு ரீகால் முடிந்ததா என்று பார்க்கலாம். பிறகு மேட்டு ஊரான கியூர்பீப்பின் ஏற்றத்தில் நிறுத்தி, மெதுவாக நகர்த்துங்கள். உதறினாலோ, கியர் விழத் தாமதித்தாலோ விலையைப் பேசாமல் திரும்பிவிடுங்கள்.