குழாய்க்குள் தண்ணீர் போகும், தண்ணீரில் குழாய் கரையாது

"கார்பன் நானோகுழாய்க்கு (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்) நீர் ஆகாது, உள்ளே ஒரு மூலக்கூறும் நுழையாது, ஆனால் சோனிகேட்டரில் (ஒலி அலையால் அதிரவைக்கும் கருவி) வைத்தால் நீரில் கரைந்துவிடும்" என்று சிலர் சொல்வது இரண்டுமே தவறு. 2001-இல் ஹம்மர் என்ற ஆய்வாளரின் குழு செய்த கணினி உருவகத்தில், 0.81 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் நீர் மூலக்கூறுகள் தாமாகவே புகுந்து, ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து ஒற்றை வரிசையாக நின்றன. சுவர் அவற்றைப் பிடித்து வைக்காததால் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன.

வெறும் நீரில் சோனிகேட் செய்தால் கருப்பாகக் கலங்கும், அவ்வளவுதான். நிறுத்தியதும் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாகப் படியும். 1% சோடியம் டோடெசில் சல்பேட் (சோப்பு போன்ற பொருள்) கரைசலில் செய்யுங்கள், பாத்திரம் பனிக்கட்டியில் இருக்கட்டும். பிறகு அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் (மிக வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) சுற்றினால் அடர்த்தி சுமார் 1.2 கிராம்/கன செ.மீ. உள்ள குழாய்க் கற்றைகள் அடியில் இறங்கும். சோப்பு போர்த்திய தனிக்குழாய்கள், சுமார் 1.0, மேலே நிற்கும். அந்த மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். அதுவும் விரவல்தான் (குழாய்கள் நீரில் பரவி நிற்பது), கரைசல் அல்ல: சோப்பைக் கழுவினால் மறுபடி கட்டிதட்டும்.