அந்த இடைவெளி வெயிலுக்காக விட்டதல்ல

இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு-அப்பான்-ஏவன் கால்வாயிலுள்ள வார்ப்பிரும்புப் பாலத்தின் நடுவே இருக்கும் பிளவு, வெயிலில் இரும்பு விரிவதற்காக விட்டது என்று சொல்கிறார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. 3 மீட்டர் வார்ப்பிரும்பு 40 டிகிரி சூடேறினாலும் 1.3 மில்லிமீட்டர்தான் நீளும். அதற்கு விரல் நுழையும் இடைவெளி எதற்கு?

அது கயிற்றுக்கான வழி. 1816-இல் முடிந்த இந்தக் கால்வாயில் படகுகளைக் குதிரைகள் இழுத்தன. பாலத்தை அகலமாகக் கட்டினால் செலவு கூடும். அதனால் ஒரு படகு நுழையும் அளவுக்கே கட்டி, குதிரைப் பாதையைப் பாலத்துக்கு அடியில் விடாமல் பக்கவாட்டில் சுற்றி விட்டார்கள். குதிரை வெளியே, படகு உள்ளே. நடுவில் கயிறு மாட்டிக்கொள்ளுமே! அவிழ்த்துக் கட்டலாம்தான். ஆனால் 20 டன்னுக்கு மேல் சரக்கேற்றிய படகு நின்றுவிட்டால் மறுபடி நகர்த்துவதற்குள் குதிரைக்கு மூச்சு வாங்கிவிடும்.

ஆகவே இரு கரைச் சுவர்களிலிருந்தும் பாலத்தைப் பாதிப் பாதியாக நீட்டினார்கள். இரண்டும் நடுவில் தொடுவதில்லை. கைப்பிடிக் கம்பியைப் பாருங்கள், அதுவும் அதே இடத்தில் பிரிந்திருக்கும். கயிறு மேலிருந்து இறங்க வேண்டுமென்றால் கைப்பிடியும் பிரிந்துதான் இருக்க வேண்டும். கயிற்றைத் தளர்த்தி மேலிருந்து அந்தப் பிளவில் இறக்கினால் போதும், படகு நிற்காமல் போகும்.

மேக்கிள்ஸ்ஃபீல்டு கால்வாயின் வளைந்த பாலங்களை இதோடு குழப்ப வேண்டாம். அவை குதிரைப் பாதை கரை மாறும் இடத்தில் இருப்பவை. குதிரை ஏறிக் கடந்து, சுற்றி இறங்கி, அதே பாலத்தின் அடியில் போகும். அங்கும் கயிற்றை அவிழ்க்க வேண்டியதில்லை, ஆனால் பிளவு கிடையாது.