கேனுக்குள் என்ன இருக்கிறது?
‘ரசாயனக் கலவையின் ஆபத்தையும் முதலுதவியையும் சொல்லும் பாதுகாப்புத் தகவல் தாள் ஆலையில் இருந்தால் போதும், கலவையின் சேர்மானத்தை அரசுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை’ என்ற கட்டுரையாளரின் கருத்தை ஏற்க முடியவில்லை. திருப்பூரில் நான் வேலை பார்த்த சாயப்பட்டறையில் ஒருவர் கண்ணில் வெளுப்புக் கலவை தெறித்தது. தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடினோம். ‘அமிலமா, காரமா?’ என்று மருத்துவர் கேட்டார். கேனில் வணிகப் பெயரும் ஓர் எண்ணும்தான் இருந்தன. தாளோ அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, விற்றவர் போனை எடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உடல்நலத்துக்குக் கேடான கலவைகளின் சேர்மானத்தை விற்பனைக்கு முன்பே தெரிவித்தாக வேண்டும். லேபிளில் எழுத்தும் எண்ணுமாக உள்ள 16 இலக்கக் குறியீட்டைச் சொன்னாலே, நச்சு பாதிப்புக்குச் சிகிச்சை ஆலோசனை தரும் நச்சுத் தகவல் மையம் கலவையை அடையாளம் கண்டுவிடும். சேர்மானத்தைச் சொன்னால் தொழில் ரகசியம் போய்விடும் என்று அஞ்சும் நண்பர்களுக்கு: அத்தகவலை வணிகத்துக்குப் பயன்படுத்த அங்கே சட்டம் இடம் தரவில்லை. நாம் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நச்சுத் தகவல் மையத்தை அழைத்தாலும், கேனில் இருப்பது என்னவென்று நாம்தானே சொல்ல வேண்டியிருக்கிறது?