எந்தச் சத்தம் சார்?

(இரவு ஒன்று பத்து. ஓர் ஓட்டலின் ரிசப்ஷன். மேஜைக்குப் பின்னால் ராத்திரி ட்யூட்டித் தம்பி. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே, கண்ணைத் திறந்துகொண்டு தூங்கும் கலையில் தேர்ந்தவர். லிஃப்ட் 'டிங்' என்று திறக்கிறது. கக்கத்தில் தலையணையோடு ஒரு பெரியவர் வருகிறார். இந்த நேரத்தில் தலையணையோடு இறங்கி வருகிறவரிடம் என்ன விஷயம் என்று கேட்கவே தேவையில்லை. தம்பி கேட்கிறார்.)

தம்பி: வாங்க சார். செக்-இன்னா?

பெரியவர்: தலையணையோடு எவனாவது செக்-இன் பண்ண வருவானா தம்பி? நான் 304. மேலேயிருந்து போன் அடித்து அடித்து விரல் தேய்ந்துவிட்டது. ஏன் எடுக்கவில்லை?

தம்பி: போன் மணி மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று ராத்திரியில் குறைத்து வைப்போம் சார்.

பெரியவர்: எவ்வளவு குறைத்து?

தம்பி: முழுக்க.

பெரியவர்: அது சரி. இந்தக் கட்டடத்திலேயே சத்தம் வராத ஒரே பொருள் அதுதான் போலிருக்கிறது. அறையில் தூங்க முடியவில்லையப்பா. ஒரே சத்தம்.

தம்பி: எந்தச் சத்தம் சார்?

பெரியவர்: ஏன், மொத்தம் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?

தம்பி: அறைக்கு அறை மாறும் சார். (புகார் நோட்டைத் திறக்கிறார்) வரிசையாகச் சொல்லுங்கள்.

பெரியவர்: முதலில் லிஃப்ட். மாடிக்கு மாடி 'டிங்' என்கிறது. அப்புறம் ஒரு பெண் குரல், "கதவு திறக்கிறது" என்கிறது. "கதவு மூடுகிறது" என்கிறது. பார்வை இல்லாதவர்களுக்கு உதவி, நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் என் தலைமாட்டில் நின்று சொல்கிறது.

தம்பி: லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அறை வேண்டும் என்று நீங்கள்தானே சார் கேட்டீர்கள்?

பெரியவர்: முழங்கால் வலி என்று கேட்டேன்.

தம்பி: முழங்காலுக்கு லிஃப்ட் பக்கம், காதுக்கு வராந்தாவின் கடைக்கோடி. இரண்டுக்கும் ஒத்துவருகிற அறை நம்மிடம் இல்லை சார். அடுத்தது?

பெரியவர்: 305. அந்த மனிதர் போனில் பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்கிறது. மைத்துனனுக்குக் கடன் கொடுத்திருக்கிறார். வீட்டில் சொல்லாமல் கொடுத்திருக்கிறார். இப்போது வீட்டுக்குத் தெரிந்துபோய்விட்டது.

தம்பி: சுவர் நல்ல கனமான சுவர் சார். ஆனால் 304-க்கும் 305-க்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. குடும்பமாக வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்வதற்கு.

பெரியவர்: அலமாரிக்குப் பக்கத்தில் இருப்பது கதவா? நான் அலமாரியின் இன்னொரு பக்கம் என்று நினைத்துச் சட்டையை மாட்டப் பார்த்தேன். திறக்கவில்லை.

தம்பி: அதுதான் சார். இப்போது பாருங்கள், எப்பேர்ப்பட்ட சுவராக இருந்தாலும் அதன் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்காது. கதவுக்கு அடியில் இடுக்கு இருந்தால் சுவரை எவ்வளவு தடிமனாகக் கட்டினாலும் வீண். அந்த இடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

பெரியவர்: இதெல்லாம் உனக்கு எப்படியப்பா தெரியும்?

தம்பி: ராத்திரி ட்யூட்டி சார். படிக்க நேரம் கிடைக்கிறது.

பெரியவர்: போன் எடுக்கத்தான் கிடைக்கவில்லை.

தம்பி: ஆனால் அவர் பன்னிரண்டரைக்கே போனை வைத்துவிடுவாரே சார்?

பெரியவர்: அதுதான் பிரச்சினை. பாதியில் வைத்துவிட்டார். மைத்துனன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தானா இல்லையா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பி: கொடுக்கவில்லை சார். நேற்று ராத்திரியும் இதையேதான் பேசினார்.

பெரியவர்: (தலையணையை மேஜைமேல் வைத்து) நினைத்தேன். அவன் கொடுக்க மாட்டான். சரி, துண்டு என்றாயே, அதற்கு வருகிறேன். சாயங்காலம் துண்டு கேட்டேன். எப்போது வந்தது தெரியுமா?

தம்பி: (கம்ப்யூட்டரில் பார்த்து) பதினொன்று ஐம்பதுக்குக் கொடுத்தாயிற்று என்று பதிவாகியிருக்கிறது சார்.

பெரியவர்: அப்போதுதான் கண் அசந்தேன். கதவு உடைகிற மாதிரி தட்டல். என்னமோ ஏதோ என்று ஓடிப்போய்த் திறந்தால் ஒரு பையன் துண்டோடு நின்று சிரிக்கிறான்.

தம்பி: சிரித்த முகத்தோடு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சியில் உண்டு சார். அதுவரை எதனால் துடைத்துக்கொண்டீர்கள்?

பெரியவர்: ஃபேனால். அது போகட்டும். காதில் வைக்கப் பஞ்சு கேட்டேன். பஞ்சுக்குப் பதில் இந்தத் தலையணையைக் கொடுத்துவிட்டு, "இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறான்.

தம்பி: கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கிற பையன் சார். நல்ல எதிர்காலம் இருக்கிறது. ஒருவேளை நீங்கள் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையைக் கதவில் மாட்டியிருந்தால்...

பெரியவர்: தேடினேன். அறையில் இருந்த அட்டையில் இரண்டு பக்கமும் 'அறையைச் சுத்தம் செய்யவும்' என்று இருக்கிறது.

தம்பி: அச்சுப் பிழை சார். சரியான அட்டை ஒன்றே ஒன்று மிச்சம். அது இரண்டாவது மாடியில் துணி வைக்கிற அறைக் கதவில் தொங்குகிறது.

பெரியவர்: துணியை யார் தொந்தரவு செய்யப்போகிறார்கள்?

தம்பி: உள்ளே ரூம் பாய்கள் தூங்குகிறார்கள் சார்.

(பெரியவர் சிறிது நேரம் மேற்கூரையைப் பார்க்கிறார். பிறகு போனை எடுத்து ஏதோ தட்டி, தம்பியின் மூக்குக்கு நேரே நீட்டுகிறார்.)

பெரியவர்: வாய்ப்பேச்சு வேண்டாம். இதைப் பார். சத்தம் அளக்கிற ஆப். என் கட்டில்மேல் வைத்து அளந்தது, 47 டெசிபெல். படுக்கையறையில் ராத்திரி விடாமல் கேட்கிற சத்தம் 30-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. தூக்கம் வராதவனுக்கும் படிக்க நேரம் இருக்கிறது தம்பி.

தம்பி: 17-தானே சார் கூடுதல்?

பெரியவர்: டெசிபெல் கணக்கு அப்படி இல்லையப்பா. பத்து ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். பதினேழு என்றால் மூன்று மடங்குக்கு மேலே போய்விடும்.

தம்பி: ஆக, ஒரு அறைக்குக் காசு கொடுத்து மூன்று அறைச் சத்தம் கேட்டிருக்கிறீர்கள்.

பெரியவர்: அதை பில்லில் சேர்த்துவிடாதே.

தம்பி: (எழுதியபடி) 47 என்பது விடாமல் வருகிறதா, விட்டுவிட்டு வருகிறதா சார்?

பெரியவர்: நல்ல கேள்வி கேட்டாய். விட்டுவிட்டு வருகிற ஒன்றுதான் ஆளைக் கொல்கிறது. 'குர்ர்ர்' என்று ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் ஓடும். கடைசியில் ஒரு உதறு உதறும் பார், மேலே வைத்த தம்ளர் 'கிணிங்' என்று ஆடும். அப்புறம் நிற்கும். அப்பாடா என்று புரண்டு படுப்பேன். நின்றுவிட்டது, நின்றுவிட்டது என்று மனதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். கண் சொருகும் நேரத்தில் மறுபடி 'குர்ர்ர்'.

தம்பி: மினி ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் சார். உள்ளே இருப்பதைக் குளிர வைக்கிறது.

பெரியவர்: உள்ளே ஒன்றுமே இல்லையே.

தம்பி: அது ஃபிரிட்ஜுக்குத் தெரியாது சார். பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டியதுதானே?

பெரியவர்: பிளக் கட்டிலுக்குப் பின்னால். கட்டிலை இழுத்தேன். கீழேயிருந்து யாரோ கூரையை 'டம் டம்' என்று தட்டினார்கள்.

தம்பி: ஓ, அது நீங்கள்தானா! (நோட்டில் முந்தைய பக்கத்தைத் திருப்பி) 204. "மேலே யாரோ மரம் அறுக்கிறார்கள்" என்று புகார். பதில் இல்லாமல் காலியாக விட்டிருந்தேன். இப்போது நிரப்பிவிடலாம்.

பெரியவர்: அவருடைய போனை மட்டும் எடுத்தாயா?

தம்பி: இல்லை சார், அவரும் நேரில்தான் வந்தார். தலையணையோடு.

பெரியவர்: உங்கள் விளம்பரத்தில் என்ன போட்டிருந்தீர்கள் நினைவிருக்கிறதா? 'அமைதியின் மடியில்' என்று. ஜன்னல், வெள்ளைத் திரை, வெளியே ஒரு மரம். அந்த மரத்தைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன்.

தம்பி: மரம் இருக்கிறது சார், போய்ப் பார்க்கலாம். போட்டோவில் சத்தம் வராது, அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

பெரியவர்: வாக்குவாதம் வேண்டாம். வேறு அறை கொடு.

தம்பி: தாராளமாக. மேல் மாடியில் ஒன்று காலி. தலைக்குமேல் யாரும் நடக்க மாட்டார்கள்.

பெரியவர்: கொடு.

தம்பி: லிஃப்ட் மோட்டார் மட்டும் தலைக்குமேல் இருக்கும். தண்ணீர்த் தொட்டியும். மூன்றரை மணிக்கு பம்பு போடுவோம்.

பெரியவர்: வேண்டாம்.

தம்பி: முதல் மாடியில் ஒன்று. அழகான அறை. அடியில் விழா ஹால். பாட்டு முடிந்துவிட்டது, இப்போது நாற்காலி அடுக்குகிறார்கள்.

பெரியவர்: எத்தனை நாற்காலி?

தம்பி: நானூறு இருக்கும். பின்பக்கம் ஒன்று இருக்கிறது, சலவை மெஷின் விடியற்காலையில்தான் ஓடும். தடதட என்கிற அந்தக் கனத்த சத்தம் இருக்கிறதே, அதைச் சுவராலும் தடுக்க முடியாது, பஞ்சாலும் தடுக்க முடியாது. முதுகு வழியாகவே ஏறும்.

பெரியவர்: தம்பி, நீ அறையை விற்கிறாயா, விரட்டுகிறாயா? இந்தக் கட்டடத்தில் ஒரு மனிதன் தூங்குகிற மாதிரி ஒரு அறையாவது உண்டா?

தம்பி: (குரலைத் தாழ்த்தி) உண்டு சார். 212. மூலை அறை. ஒரு பக்கம்தான் அண்டை. லிஃப்ட் தூரம், படிக்கட்டு தூரம், மேலே காலி அறை, கீழே ஸ்டோர் ரூம். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே கேட்கும்.

பெரியவர்: (கையை நீட்டி) சாவி!

தம்பி: அதில் மானேஜர் தூங்குகிறார் சார்.

(மௌனம். லிஃப்ட் யாருமே இல்லாமல் வந்து 'கதவு திறக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகிறது.)

தம்பி: ஒன்று சொல்லட்டுமா சார்? இதில் ஓட்டல் குற்றம் பாதிதான். புது இடத்தில் முதல் நாள் யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து 2016-இல் சொல்லியிருக்கிறார்கள். புது இடத்தில் ஆழ்ந்து தூங்குகிற நேரத்திலும் மூளையின் இடது பாதி கொஞ்சம் விழிப்பாகவே இருக்கிறதாம். பாதி தூங்கும், பாதி காவல் காக்கும்.

பெரியவர்: பாதி மூளைதான் தூங்கியது என்றால் பாதி வாடகைதான் தருவேன்.

தம்பி: இரண்டாவது ராத்திரி சரியாகிவிடுமாம் சார்.

பெரியவர்: நான் காலையில் காலி செய்கிறேனப்பா.

தம்பி: எல்லாரும் அங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

பெரியவர்: (நாற்காலியில் சாய்ந்து) கடைசியாகக் கேட்கிறேன். என் புகாருக்கு என்ன நடவடிக்கை?

தம்பி: எழுதியாயிற்று சார். ஆனால் விதிப்படி ஊழியர் நேரில் போய்ச் சத்தத்தைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் நடவடிக்கை. கீ கார்டைக் கொடுங்கள், போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். முழங்கால் வலியோடு நீங்கள் ஏன் அலைய வேண்டும்? இங்கேயே உட்காருங்கள். போனில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம்.

பெரியவர்: எரிந்தால்?

தம்பி: எரியும், அணைந்துவிடும் சார்.

(போகிறார். பெரியவர் மேஜைக்குப் பின்னால் போய் உட்காருகிறார். பதவி எதுவாக இருந்தாலும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்ததும் மனிதனுக்கு முதுகு நிமிர்ந்துவிடுகிறது. நேரம் ஓடுகிறது, தம்பியைக் காணோம். சிவப்பு விளக்கு எரிகிறது. பெரியவர் பார்க்கிறார், பொறுக்க முடியாமல் எடுக்கிறார்.)

பெரியவர்: ரிசப்ஷன்... சொல்லுங்கள் சார்... எந்தச் சத்தம் சார்?... பக்கத்து அறையில் குறட்டையா? உங்கள் அறை எண்?... 305! சார், உங்களைத்தான் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். அந்த மைத்துனன் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். எழுதி வாங்கினீர்களா?... ஹலோ?... ஹலோ?

(போனைப் பார்க்கிறார். யோசிக்கிறார். 304-க்கு அடிக்கிறார். வெகுநேரம் மணி அடிக்கிறது.)

தம்பி: (போனில், கரகரத்த குரலில்) ம்ம்... யாரு?

பெரியவர்: நான்தான், ரிசப்ஷனிலிருந்து. என்னப்பா ஆச்சு? சத்தம் கேட்டதா?

தம்பி: இல்லை சார். கட்டிலில் படுத்து, கண்ணை மூடி, நன்றாகக் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. இப்போதுதான் யாரோ போன் அடித்து எழுப்பிவிட்டார்கள்.

பெரியவர்: அடித்தது நான்!

தம்பி: ராத்திரி நேரத்தில் அறைக்குப் போன் பண்ணக் கூடாது சார். ரிசப்ஷனில் உட்கார்ந்தால் அதுதான் முதல் விதி.

பெரியவர்: 304-இல் குறட்டை என்று 305 புகார் செய்திருக்கிறார்.

தம்பி: நோட்டு உங்கள் முன்னால்தான் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். நேரில் வந்து கேட்டால்தான் நடவடிக்கை.

பெரியவர்: வருகிறேன். இதோ வருகிறேன்.

தம்பி: வந்தாலும் கதவைத் தட்டிவிடாதீர்கள் சார். வருகிற வழியில் இரண்டாவது மாடியில் இறங்கி அந்த அட்டையை எடுத்து வந்து மாட்டியிருக்கிறேன்.